பதினைந்து வயதில் சம்பளமில்லாத ஒரு வேலை

கோடை விடுமுறை நெருங்குவதை நாட்காட்டி பார்க்காமலே நான் தெரிந்துகொள்வேன். நூலகத்துக்கு வரும் மின்னஞ்சல்களே சொல்லிவிடும். "என் மகனுக்கு 16 வயது. விடுமுறையில் தன்னார்வலராகச் சேர வாய்ப்பு உண்டா? சான்றிதழ் தருவீர்களா?" ஏறக்குறைய எல்லாமே இதே அச்சில்தான் இருக்கும். நூலகத்தில் தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவள் நான். எழுதுவது அநேகமாக அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கும். எந்தெந்த நாள் வர முடியும், எதுவரை வருவான், என்ன செய்யத் தெரியும் என்பதற்கெல்லாம் ஒரு வரியும் இருக்காது. பையனுக்கு இதில் இஷ்டமா என்பதும் தெரியாது. சான்றிதழைப் பற்றிய கேள்வி மட்டும் தவறவே தவறாது.

இந்த வருடம் அதே கேள்வியோடு என் அக்கா மகள் வந்து நின்றாள். "சித்தி, லீவுல எங்கயாவது வாலண்டியரா சேரணும். நீங்க ஒரு போன் போட்டா முடிஞ்சிடும்ல?"

நான் போன் போடவில்லை. போட்டிருந்தால் ஏதோ ஒரு இடத்தில் மரியாதைக்காக அவளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாற்காலி கொடுத்து, "இதைக் கொஞ்சம் அடுக்கி வைம்மா" என்று ஒரு காகிதக் கட்டை நீட்டியிருப்பார்கள். விடுமுறை முடிந்ததும் சான்றிதழும் வந்திருக்கும். அவள் வந்ததாலோ வராததாலோ அந்த இடத்தில் எதுவும் மாறியிருக்காது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். நமக்காகச் சும்மா உருவாக்கிய வேலை எது, நாம் போகாவிட்டால் நின்றுபோகும் வேலை எது என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பெரும்பாலான பெற்றோர் தேடுவது அறிவிப்பு வெளியிட்ட திட்டங்களை. பெரிய மருத்துவமனை, அருங்காட்சியகம், பேர்பெற்ற தொண்டு நிறுவனம். அவை மோசமானவை இல்லை. ஆனால் இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம், கடைசித் தேதி விடுமுறைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடிந்திருக்கும். அறிவிப்பே இல்லாமல் கிடக்கும் வேலைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். எந்தச் சிறிய நிறுவனத்துக்குள் போனாலும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட ஏதோ ஒன்று மூலையில் குவிந்திருக்கும். பெயர் எழுதாத புகைப்படங்கள், பட்டியலில் ஏறாத புத்தகங்கள், துவைக்காத போர்வைகள். அங்கே இருக்கும் நாலு பேருக்கும் அன்றாட வேலையே தலைக்கு மேல். இதற்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் எழுதக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது. பிள்ளை தேட வேண்டியது அந்தக் குவியலைத்தான்.

எங்கள் நூலகத்தையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது. நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்ட ஆசை. நல்ல வேலைதான், ஆனால் அதற்கு நீளமான வரிசை நிற்கும். யாரும் கேட்காத வேலை ஒன்று உண்டு: அலமாரியில் புத்தகங்கள் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டு முறையைத்தான் உலகெங்கும் ஏராளமான நூலகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. அதில் பறவைகள் 598, நாய்கள் 636.7, பூனைகள் 636.8. இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். கணினி "உள்ளது" என்று சொல்லும். தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் இதில் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். 598.9-க்குப் பிறகு 598.12 என்று வைப்பார்கள், ஒன்பதைவிடப் பன்னிரண்டு பெரிது என்ற கணக்கில். தசமத்தில் 598.12 முன்னால் வர வேண்டும். பள்ளியில் தசமத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் இதைச் செய்வார்கள். ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம் கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அலமாரியைக் கடந்து போகிற போக்கிலேயே தவறான எண்ணைப் பிடுங்கி எடுப்பார்கள். யாராவது "இந்தப் புத்தகம் எங்கே?" என்று கேட்டால் முன்னால் நடந்து போய்க் காட்டுவார்கள். அந்த நடையில் ஒரு மிடுக்கு வரும் பாருங்கள், கதை சொன்ன பிள்ளைகளிடம் நான் அதை அவ்வளவாகப் பார்த்ததில்லை.

அதனால் அக்கா மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி "உனக்கு எதில் ஆர்வம்?" என்பது இல்லை. பதினைந்து வயதில் அதற்கு நேர்மையான பதில் பெரும்பாலும் "தெரியல". அதைவிட உருப்படியான கேள்விகள் உண்டு. நாள் முழுக்க மனிதர்களோடு பேசினால் உனக்கு உற்சாகமா, அலுப்பா? ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நிம்மதியா, எரிச்சலா? ரத்தம், நாற்றம், அழுக்கு தாங்குமா? காலையில் எழுந்திருப்பாயா? (இதற்கு அக்காவிடமும் தனியாகப் பதில் வாங்கிக்கொண்டேன்.) யாரையும் கொண்டுவிடச் சொல்லாமல், எவ்வளவு தூரம் நீயாகப் போய்வர முடியும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டில் யாரும் மதிப்பே கொடுப்பதில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் பிள்ளை நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். ஆர்வம் குறைந்திருக்காது, கூட்டிப்போக ஆள் இருந்திருக்காது.

அவளுக்கு அதிகம் பேச வராது, அழுக்கு பரவாயில்லை, நாற்றம் பரவாயில்லை, நாய் என்றால் கொஞ்சம் பயம், பூனை என்றால் உயிர். சரி, விலங்குகள் காப்பகம் என்று முடிவானது. இதில் வயது ஒரு சங்கடம். பல காப்பகங்களில் 16 அல்லது 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தனியாக விலங்குகளோடு விடமாட்டார்கள். கடி, கீறல், காப்பீடு என்று அவர்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கட்டுமான வேலையிலும் இப்படித்தான். ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு அமெரிக்காவில் 16 வயது ஆகாதவர்களைக் கட்டுமானம் நடக்கும் இடத்தில் வேலை செய்ய விடுவதில்லை. 16, 17 வயதுக்காரர்களையும் கூரையேறவோ மின்கருவிகளைத் தொடவோ விடுவதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் இணையவழித் தன்னார்வத் திட்டத்தில் 18 நிறைந்திருக்க வேண்டும். ஆகவே "வயது போதாது" என்ற பதிலைப் பிள்ளை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, முன்கூட்டியே இதைச் சொல்லிவைப்பது நல்லது. அடுத்த கேள்வியையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்: "என் வயதில் செய்யக்கூடியதாக வேறு என்ன இருக்கிறது?"

வயதைத் தடையாகப் பார்க்காமல் அதற்கேற்ற வேலையை யோசித்த இடங்களும் உண்டு. அமெரிக்காவில் மிசௌரி ஹியூமேன் சொசைட்டி என்ற காப்பகம், பிள்ளைகளை நாய்க் கூண்டுகளுக்கு வெளியே உட்கார்ந்து சத்தமாகப் புத்தகம் படிக்கச் சொல்கிறது. நாயைத் தொட வேண்டியதில்லை, கயிறு பிடிக்க வேண்டியதில்லை. பயந்து மூலையில் ஒடுங்கிய நாய், மனிதக் குரல் பழகப் பழக முன்னால் வரும். அப்படி வரும் நாயைத் தத்தெடுக்க ஆள் கிடைப்பதும் சுலபம். பிள்ளைக்கும் கூச்சமில்லாமல் வாசிக்க ஒரு கேட்பாளர். இரண்டு பக்கமும் தேவை இருக்கும் வேலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

காப்பகத்துக்கு அவளே எழுதினாள். முதல் வடிவம் "உங்கள் மகத்தான சேவையில் பங்கெடுக்கும் பொன்னான வாய்ப்பை" என்று தொடங்கியது. அதையெல்லாம் அடித்துவிட்டோம். கடைசியில் போனது இவ்வளவுதான்:

"வணக்கம். எனக்கு 15 வயது. விடுமுறையில் செவ்வாயும் வியாழனும் காலை 9 முதல் 12 வரை வர முடியும். பள்ளி திறக்கும் வரை தொடர்ந்து வருவேன். நாய்களைக் கையாளப் பழக்கமில்லை. துவைப்பது, கூட்டுவது, கணினியில் பட்டியல் தட்டச்சு செய்வது, படம் எடுப்பது என்னால் முடியும். ஆள் இல்லாமல் நிற்கும் வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவின் ஒப்புதல் இருக்கிறது. அவருடைய எண்ணைக் கீழே தந்திருக்கிறேன்."

இந்தக் கடிதத்தைப் படிக்கிற நிலையில் நான் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். இதில் பொறுப்பாளருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. நாள், நேரம், எப்போது நின்றுபோவாள், எதைக் கொடுக்கக் கூடாது, எதைக் கொடுக்கலாம், வீட்டில் தெரியுமா. பொறுப்பாளர் யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: எந்த வேலையைக் கொடுப்பது. "நான் உதவ மிகவும் ஆவலாக இருக்கிறேன்" என்று வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத, பொறுப்பாளர் உட்கார்ந்து அத்தனை கேள்விகளையும் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்துக்கு "அப்புறம் பார்க்கலாம்" என்று நட்சத்திரக் குறி போட்டுவைப்போம். அந்த அப்புறம் வராது.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு நேரில் போகலாம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து. அப்போதும் பேச வேண்டியது பிள்ளைதான். பெற்றோர் கூடப் போகட்டும், கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். பையனிடம் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொன்னால் எதிரில் இருப்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: இவனைச் சேர்த்தால் இவரும் சேர்ந்துதான் வருவார்.

மருத்துவமனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் வேறு எதையும் யோசிப்பதே இல்லை. பழைய வழக்கம்தான் அது. 1944-இல் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சு நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மேலங்கி தைத்துக்கொண்டு மருத்துவமனையில் உதவப் போனார்கள். அந்த வழக்கம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. இன்று அதே வேலைக்குத் தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, நோயாளியின் அந்தரங்கம் பற்றிய பயிற்சி, குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் வருவேன் என்ற உறுதி என்று பல படிகள். அத்தனையும் நியாயமானவை. ஆனால் விடுமுறை தொடங்கிய பிறகு கேட்டால், படிகளை ஏறி முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும். உள்ளே போன பிறகும் ஸ்டெதாஸ்கோப் பக்கம் விடமாட்டார்கள். வழி காட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, காகிதம் கொண்டுபோய்க் கொடுப்பது. இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை நிறையக் கற்றுக்கொள்ளும். பதற்றத்தில் இருக்கும் மனிதரிடம் எப்படிப் பேசுவது என்பது ஒரு டாக்டருக்குக் கடைசி வரை தேவைப்படும் பாடம்தானே. அறுவைச் சிகிச்சை பார்க்கலாம் என்று போகிற பிள்ளை இரண்டே நாளில் சுருண்டுவிடும்.

ஒரு இடத்துக்கு மட்டும் கோடைக்காலத் தன்னார்வலராகப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்: குழந்தைகள் இல்லங்கள். ஏற்கெனவே விட்டுப் பிரிந்தவர்களைப் பார்த்துப் பழகிய குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். ஒரு அக்கா வருகிறாள், நாலு வாரம் விளையாடுகிறாள், ஒட்டிக்கொள்கிறார்கள், அவள் பள்ளி திறந்ததும் காணாமல் போகிறாள். அடுத்த விடுமுறையில் வேறொரு அக்கா. இப்படிப்பட்ட குறுகிய காலத் தொண்டும், அதையொட்டி வளர்ந்த சுற்றுலாவும் குழந்தைகளுக்குச் செய்யும் கேட்டைத் தடுக்க வேண்டும் என்று 2019-இல் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகளின் உரிமைகள் பற்றிய தீர்மானத்திலேயே சேர்த்தது. நல்ல மனது இருந்தால் போதும் என்பது இந்த இடத்தில் செல்லாது. முதியோர் இல்லத்திலும் பிரிவு உண்டு, ஆனால் அங்கே "விடுமுறை முடியும்வரைதான் வருவேன் தாத்தா" என்று முதல் நாளே சொல்லிவிடலாம், அவரும் புரிந்துகொள்வார். சொல்லாமல் நின்றுபோவது மட்டும் கூடாது.

காசு கட்டிப் போகும் தொண்டுப் பயணங்களும் எனக்கு ஒவ்வாதவை. வெளிநாடு போய் இரண்டு வாரம் பள்ளிச் சுவர் கட்டுவது என்று விளம்பரம் வரும். சுவர் கட்டத் தெரியாத பதினாறு வயதுப் பிள்ளை கட்டும் சுவரில் யாருடைய குழந்தை சாய்ந்து உட்காரப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். அந்த ஊரிலேயே கொத்தனார்கள் இருப்பார்கள். பயணம் போக வேண்டுமென்றால் பயணம் என்றே போய்வரலாம், அதில் குற்றமில்லை.

லாபத்துக்கு நடக்கும் கடையோ கம்பெனியோ "அனுபவம் கிடைக்கும், சம்பளம் கிடையாது" என்று சொன்னால் அது தொண்டே இல்லை. முன்பணம் கேட்டாலோ, அடையாள ஆவணத்தின் அசலை வாங்கிவைத்தாலோ, முதல் நாளே நன்கொடைச் சீட்டுப் புத்தகம் கொடுத்து விற்கச் சொன்னாலோ திரும்பி வந்துவிடலாம். பெற்றோர் ஒப்புதலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காத இடத்தைப் பார்த்தும் எனக்குப் பயம்தான். பதினெட்டு நிரம்பாத பிள்ளையை உள்ளே விடும்போது அதைக் கேட்கத் தோன்றாதவர்களுக்கு வேறு என்னவெல்லாம் தோன்றாமல் போயிருக்கும்? நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. பிள்ளைக்குப் பொறுப்பு யார், பெயர் என்ன? அவர் வராத நாளில் யார்? பிள்ளை ஒரே ஒரு பெரியவரோடு மூடிய அறையில் தனியாக இருக்க நேருமா? படம் எடுத்துப் போடுவார்களா? இதைக் கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். ஒழுங்கான இடத்தில் எல்லாவற்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருப்பார்கள். எங்களிடம் கேட்ட பெற்றோர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை, மரியாதைதான் கூடியது.

வெளியே போக முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தூரம், உடல்நிலை, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. காரணம் எதுவானாலும் அவர்களுக்கு இணையத்தில் உண்மையான வேலை இருக்கிறது. உண்மையான வேலை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வானியலாளர்கள் கேலக்ஸி ஸூ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ ஒன்பது லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள்: இது சுருளா, நீள்வட்டமா, பார்த்துச் சொல்லுங்கள். ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால் ஒருவர் தவறினாலும் கூட்டாகப் பதில் சரியாக வந்துவிடும். அந்த வேலையின் நடுவே ஹானி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் விநோதமான பொட்டு ஒன்றைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. அதுவரை யாரும் விவரித்திராத ஒரு வாயு மேகம் அது, இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் திட்டத்திலிருந்து வளர்ந்த ஸூனிவர்ஸ் தளத்தில் இப்போது காட்டுவிலங்குப் படங்களை அடையாளம் காண்பது, பழைய கையெழுத்துப் படிகளைப் படிப்பது என்று பலவும் உண்டு.

வரைபடம் பிடித்த பிள்ளைக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து இணையத்தில் வரையும் உலக வரைபடம். 2010 ஜனவரியில் ஹைத்தியில் பூகம்பம் வந்தபோது, அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களுக்கு உருப்படியான வரைபடமே இல்லை. உலகின் எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருவையும் கட்டடத்தையும் வரைந்து கொடுத்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்து வேலை செய்தன. பேரிடர் வந்த பிறகு வரைவதைவிட முன்பே வரைந்துவைக்கலாம் என்று 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து தொடங்கியதுதான் மிஸ்ஸிங் மேப்ஸ். ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு அதிலுள்ள கூரைகளின் ஓரத்தை வரைய வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் அதைச் சரிபார்ப்பார். கணினி விளையாட்டில் ஊர் கட்டிப் பழகிய பிள்ளைகள் இதில் அசத்துவார்கள்.

மொழி பிடித்தவர்களுக்கு விக்கிமூலம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. காப்புரிமை முடிந்த பழைய நூல்களின் படத்தை ஒரு பக்கமும், கணினி அதிலிருந்து வாசித்தெடுத்த எழுத்தை மறுபக்கமும் வைத்துப் பிழை திருத்துவது. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இரண்டாமவர் ஒருவர் சரிபார்த்தால்தான் பச்சை. நான் மஞ்சளாக்கியதை நானே பச்சையாக்க முடியாது. தமிழ் எழுத்துகளைக் கணினி படிக்கும்போது துணைக்காலையும் ரகரத்தையும் குழப்புவதைப் பார்த்தால், இந்த வேலைக்கு மனிதக் கண் ஏன் வேண்டும் என்று புரியும். வீட்டில் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டியே எல்லாரையும் வெறுப்பேற்றும் ஒரு பிள்ளை இருக்குமே, அதற்கென்றே படைத்த இடம்.

இணையமென்றாலும் காவல் வேண்டும். பூச்சி, செடி, பறவைகளைப் படமெடுத்து ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளை எடுக்கும் முதல் படம் வீட்டுத் தோட்டத்து வண்ணத்துப்பூச்சியாகத்தான் இருக்கும், அந்தப் படத்தோடு வீட்டின் துல்லியமான இடமும் சேர்ந்தே போகும். இடத்தை மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அதைத் தேர்ந்தால் சரியான புள்ளியைக் காட்டாமல் இருபது கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். கணக்குத் தொடங்கும் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து அதை மாற்றிக் கொடுங்கள். லிப்ரிவாக்ஸ் தளத்துக்குப் பழைய நூல்களை வாசித்துக் கொடுக்கலாம், அருமையான வேலை. ஆனால் ஒலிப்பதிவு முழுக்கப் பொதுவுடைமை ஆகிவிடும், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், பின்னால் திரும்ப வாங்க முடியாது. பதினான்கு வயதில் இதற்குச் சம்மதிக்கலாமா என்பதை வீட்டில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

இஷ்டமே இல்லாத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1999 முதல் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்காத பிள்ளைகளுக்கு இது ஒரு கதவைத் திறந்துவிட்டது உண்மை. மறுபக்கம், கட்டாயத்தில் செய்கிறோம் என்று நினைப்பவர்களுக்குப் பின்னாளில் தாமாகச் செய்யும் எண்ணம் குறையலாம் என்று அதே 1999-இல் வந்த ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. இரண்டையும் வைத்து என் நிலைப்பாடு இது: "ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்" என்று வீட்டில் சொல்லலாம், அந்த ஒன்று எது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும்.

உடம்புக்கும் நல்லது என்று சொல்லி ஆசை காட்ட விரும்புகிறவர்களுக்கு 2013-இல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வு கைகொடுக்கும். 106 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு மாதம் வாரந்தோறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். உதவப் போனவர்களின் கொழுப்பும் உடலில் அழற்சியைக் காட்டும் ஓர் அளவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பிறர்மேல் பரிவு கூடியவர்களிடம் அந்த இறக்கம் இன்னும் அதிகம். சிறிய ஆய்வுதான், பெரிதாகத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளைகள் இரண்டு மாதம் விடாமல் வாரந்தோறும் போனார்கள் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

அக்கா மகளுக்குக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. பூனைகளைத் தொடலாம், பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நாய்ப் பக்கம் வேண்டாம். போர்வை துவைப்பதுதான் முக்கிய வேலை. முதல் வாரம் முழுக்கப் போர்வைதான். "சித்தி, இதுக்குத்தான் இவ்ளோ பண்ணோமா?" என்றாள். காப்பகத்தில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவள் அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். புதுப் பிள்ளைக்கு முதல் வாரம் இப்படித்தான் இருக்கும். பொறுப்பாளரும் இந்தப் பெண் சொன்ன நேரத்துக்கு வருகிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அது தெரியாமல் எதைக் கொடுப்பது?

துணி காயும் நேரத்தில் தத்துக்கொடுக்க இருக்கும் பூனைகளின் அறிவிப்புகளைப் படித்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்: "அன்பான, விளையாட்டுத்தனமான பூனை." கடித்துக் குதறும் கிழட்டுப் பூனைக்கும் அதேதான். "நான் மாத்தி எழுதட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டது அவள்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பூனையின் முன்னும் உட்கார்ந்து, அங்கே வேலை செய்பவர்களிடம் அதன் குணத்தைக் கேட்டு எழுதுகிறாள். ஒன்று இப்படி: "மடியில் உட்காராது. ஆனால் நீங்கள் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்." பேச வராத பெண் அத்தனை பேரிடமும் பேசித்தான் இதை எழுதியிருக்கிறாள். போர்வை துவைப்பதும் தொடர்கிறது.

சான்றிதழ் விஷயத்தை நான் கிண்டல் செய்தாலும், அது தேவைப்படும் இடங்கள் உண்டு. அதை விடுமுறை முடிந்து மூன்று மாதம் கழித்துக் கேட்கக் கூடாது. பொறுப்பாளர்கள் அடிக்கடி மாறுவார்கள், புதியவருக்கு உங்கள் பிள்ளையின் முகமே தெரியாது. முதல் நாளிலிருந்து தேதி, நேரம், செய்த வேலை மூன்றையும் ஒரு நோட்டில் பிள்ளையே எழுதிவர வேண்டும். கடைசி வாரத்தில் அந்த நோட்டைக் காட்டி, "இதை வைத்து ஒரு கடிதம் தர முடியுமா?" என்று கேட்டால் பொறுப்பாளருக்கும் சுலபம். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற அச்சுக் காகிதத்துக்குப் பதிலாக, செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதிய நாலு வரி கையில் கிடைக்கும்.